பம்புக்காரர் வீட்டு மீன்தொட்டி

குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தால் பம்புக்காரருக்குப் பொறுக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் கை கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்து பார்த்துவிடுவார். வேகம் குறைவாக இருந்தால் தீர்ந்தது. சாப்பிடக் கூப்பிட்டவர்கள் தட்டு வைத்துக் காத்திருக்க, இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மோட்டார் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிக்கொண்டிருப்பார். "மானத்த வாங்காதீங்க, உள்ள வாங்க" என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவது அவர் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஒற்றை ஷட்டர் போட்ட சின்னக் கடை. உள்ளே காலை வைத்தால் கிரீஸ் வாசனையும் வார்னிஷ் வாசனையும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். அவர் கைபட்ட பம்பு அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. அவருடைய வைத்தியமும் ரொம்பச் சுலபம். "முதல்ல வாயைப் பாரு" என்பார். வாய் என்றால் தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் நுனி. அங்கே ஒரு சல்லடை இருக்கும், அதில் பாசியும் தலைமுடியும் அடைத்துக்கொண்டு பம்பு மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். மற்ற மெக்கானிக்குகள் சல்லடையைக் கழுவி மறுபடி மாட்டிவிடுவார்கள். இவர் கழற்றித் தூர எறிந்துவிடுவார். "மூடி போட்ட வீட்டுத் தொட்டிக்குள்ள என்ன முதலையா இருக்கு? சல்லடை எதுக்கு?" என்பார். வீட்டுத் தொட்டியில் முதலை இல்லைதான். அதனால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வருஷக்கணக்காகச் சரியாகவே இருந்தது. அப்படிப்பட்ட மனுஷரிடம் போய் யார் என்ன சொல்வது, சொல்லுங்கள்!

இந்த வீட்டுக்குத்தான் மருமகள் வந்தாள். மகனுக்கு லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். புகுந்த வீட்டுக்கு வரும்போது அவள் துணிமணிகளோடு ஒரு மீன்தொட்டியையும் கொண்டுவந்தாள். "சீர் வரிசையில மீனா, நல்லா இருக்கே!" என்று மாமியார் சிரித்தாளே தவிர, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

தொட்டியில் பெரிதாக ஒன்று, தட்டையாக, நீண்ட செட்டைகளோடு ஒரு ஏஞ்சல் மீன். மற்றதெல்லாம் பொடிப்பொடியாகக் கப்பி மீன்கள். கப்பி எந்தக் கடையிலும் கிடைக்கும். இவளுடையது கிடைக்காது. ஆண் மீன்களின் வால் விசிறி போல விரியும். அந்த வாலில் ஆரம்பிக்கும் நீலம் முதுகெல்லாம் ஏறித் தலை வரைக்கும் போகும். படிக்கிற காலத்தில் ஏதோ ஒரு மீனின் வாலில் பொட்டு அளவுக்கு நீலம் இருப்பதைப் பார்த்து, அதன் குஞ்சுகளில் நீலம் கூடுதலாக இருந்ததைத் தனியே பிரித்து, அதன் குஞ்சுகளில் மறுபடி பிரித்து, தலைமுறை தலைமுறையாக அவளே உண்டாக்கிய நிறம் அது. மீனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளுக்கு வாய் நிறையப் பேச்சு வரும். "இந்த நீலம் வேற யார்கிட்டயும் இல்ல மாமா" என்று முதல் நாளே சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த கர்வம் பம்புக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. தொழில் தெரிந்தவர்களுக்கு இருக்கவேண்டிய கர்வம்தான் அது.

ஆனால் தொட்டியின் ஃபில்டர் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. தொட்டிக்குக் கீழே மூடி போட்ட ஒரு டப்பா. மேலேயிருந்து ஒரு குழாய் தண்ணீரை இழுத்து டப்பாவுக்குள் விடும். உள்ளே இருக்கும் பஞ்சு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். டப்பாவின் மூடியில் இருக்கும் குட்டி மோட்டார் சுத்தமான தண்ணீரை மறுபடி தொட்டிக்கு அனுப்பும். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அனுப்புகிற தண்ணீர்தான், குழந்தை எச்சில் ஒழுகுவது மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

"பம்புக்காரன் வீட்டு ஹால்ல இப்படி ஒரு பம்பா?" என்று மனைவியிடம் புலம்பினார். "பாக்கறவன் காறித் துப்ப மாட்டான்?"

"மீனுக்கு அது போதுமாம். நீங்க சும்மா இருங்க."

சும்மா இருக்கிற ஜென்மமா அது? மருமகள் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் கடையிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு மோட்டாரை எடுத்துவந்தார். டப்பாவின் மூடியை அறுத்து அதைப் பொருத்தினார். இழுக்கிற குழாயையும் அகலமாக மாற்றினார். பழைய குழாயின் நுனியில் கீறல் கீறலாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். சல்லடை! போயும் போயும் இந்த வீட்டிலா? குப்பைக் கூடையில் போட்டார்.

சாயங்காலம் மருமகள் வந்தபோது தொட்டி பளிச்சென்று இருந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. செடிகள் காற்றடித்தது போல ஆடின. அவள் ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"மாமா, கண்ணாடி மாதிரி இருக்கு! எனக்காகவா பண்ணினீங்க?"

அவ்வளவுதான். பம்புக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பெண் குழந்தை இல்லாத வீடு, இந்தக் குரலில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரரை இழுத்துவந்து காட்டினார். அப்புறம் எதிர்வீட்டுக்காரரை. அப்புறம் கடைக்கு வந்த வாடிக்கையாளரையே கூட்டிக்கொண்டு வந்தார். பாவம், அந்த மனுஷன் வீட்டில் தண்ணீர் இல்லாமல்தான் அவசரமாக வந்திருந்தான். "நம்ம மருமகளுக்காக நானே போட்ட பம்பு. இது பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது, சர்வீஸெல்லாம் நான்தான்" என்று ஊரறியச் சொன்னார்.

மீன் குறைவதை முதலில் கவனித்தவள் மனைவி. "என்னங்க, வால் பெருசா ஒண்ணு இந்தக் கல்லுகிட்டயே சுத்திட்டு இருக்குமே, அதைக் காணோம்?" என்றாள். பம்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, செடிக்குள் இருக்கும் என்றார். செடிக்குள் இல்லை. அதற்கு அடுத்த வாரம் குட்டி போட்ட பெண் மீன் ஒன்றின் குஞ்சுகள், புள்ளி புள்ளியாக நீந்திக்கொண்டிருந்தவை, இரண்டே நாளில் சுத்தமாகக் காணாமல் போயின.

இதற்கு நடுவில் பம்புக்காரருக்கு வேறொரு தொல்லை. சர்வீஸ் பார்க்கப் போனால் இழுக்கிற குழாயின் வாயில் ஏதோ வலைத்துணி ஒட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்தார். "பாரும்மா, எங்கிருந்தோ துணி வந்து சிக்கியிருக்கு. நல்ல வேளை பார்த்தேன்" என்று மருமகளிடம் காட்டினார். "அப்படியா மாமா?" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். சில நாள் கழித்து மறுபடியும் ஒரு துணி. "இந்த வீட்டுல துணிக்கெல்லாம் நீச்சல் தெரியுது போல!" என்று அவரே ஜோக்கடித்து அவரே சிரித்தார். மருமகள் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள். கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்க்கிறவளிடம் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறதாம். கப்பி மீன்கள் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொடுத்துவிடப் போகிறாளாம்.

"ஏம்மா?" என்றார் பம்புக்காரர், டம்ளரை வைத்துவிட்டு.

"ஏஞ்சல் தின்னுடுது மாமா. பெருசாயிடுச்சில்ல, புத்தி மாறிடுச்சு. ரெண்டு பெண் மீனுக்கு வயிறு சதுரமாயிடுச்சு, இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுடும். அதுக்குள்ள மாத்திடணும்."

"அப்போ ஏஞ்சலைக் கொடுத்துட வேண்டியதுதானே? தின்ற கழுதையை வச்சுக்கிட்டு, அதுக்கு இரையாகறதை ஏன் அனுப்பறே?" என்றாள் மாமியார். நியாயமான கேள்வி.

மருமகள் திணறினாள். "அது... இந்தத் தண்ணிக்குப் பழகிடுச்சு அத்தை."

"அங்க வேற கப்பியெல்லாம் இருக்குமே," என்றார் பம்புக்காரர். "இந்த நீலம்?"

"கலந்துடும் மாமா. ரெண்டு தலைமுறையில போயிடும்." டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பரவாயில்ல."

அந்தப் பரவாயில்லையைக் கேட்டுவிட்டு எவனாலும் நிம்மதியாக இருக்க முடியாது. அத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த நிறத்தை ஒருத்தி ஒரு வாளியில் ஊற்றிக் கொடுக்கப் போகிறாள், அதற்குப் பரவாயில்லையா? பம்புக்காரருக்கு ஏஞ்சல் மீனின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தொட்டிக்கு முன்னால் போய் நின்று முறைத்தார். அது வாயைக் குவித்துக் குவித்துத் திறந்தபடி கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தது. "பார்க்கறதைப் பாரு, ஒண்ணுமே தெரியாத மாதிரி," என்றார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால் மருமகள் மனசு மாறி ஏஞ்சலை அனுப்பிவிடுவாள், நீலம் வீட்டில் தங்கிவிடும். இவ்வளவுதான் கணக்கு.

சனிக்கிழமை காலையில் பம்புக்காரர் கடையைத் திறக்கவில்லை. மருமகள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மனைவி வந்து பார்த்தாள். "கடை?" "இன்னைக்கு இல்ல." "மீனைப் பார்த்துக்கிட்டா உக்காரப் போறீங்க?" "ஆமா." அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏஞ்சல் அந்தக் கோடிக்குப் போயிற்று, இந்தக் கோடிக்கு வந்தது. கப்பிகள் அதன் மூக்குக்கு முன்னாலேயே குறுக்கும் நெடுக்குமாகப் போயின. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும்போதிருந்து இதுகளோடு வளர்ந்த மீன், வேளாவேளைக்குத் தீனி கிடைக்கிற மீன், அதற்கென்ன தலையெழுத்து? இவர்தான் சலித்துப்போனார். எழுந்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் அதைக் கண்டார்.

விசிறி வால் கப்பி ஒன்று, எல்லாவற்றிலும் அழகானது, குழாய்ப் பக்கமாக மேய்ந்துகொண்டு வந்தது. குழாய் வாய்க்கு அரைச் சாண் தூரம் இருக்கும்போதே அதன் வால் ஒருபக்கமாக இழுபட்டது. மீன் முன்னால் நீந்தியது, உடம்பு பின்னால் போயிற்று. படபடவென்று அடித்துக்கொண்டது. வால் நுனி குழாய்க்குள் போய் மடங்கியது. எப்படியோ துள்ளித் திமிறி வெளியே வந்து, ஒரு செடியின் அடியில் போய் ஒண்டிக்கொண்டது. வாலில் ஒரு துண்டு கிழிந்து தொங்கியது.

பம்புக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

எழுந்து கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்தார். பக்கென்று பிடித்து இழுத்தது. எத்தனை ஆயிரம் பம்புகளின் வாயில் இப்படி உள்ளங்கையை வைத்துப் பார்த்திருப்பார், எத்தனை முறை "ஆஹா, என்ன இழுப்பு!" என்று சந்தோஷப்பட்டிருப்பார். இன்றைக்குக் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அவர் போட்ட பம்பு. அவர் எறிந்த சல்லடை. நினைத்துப் பார்க்கவே அவமானமாக இருந்தது.

மோட்டாரை நிறுத்தினார். குழாய்களை மடக்கிக் கட்டிவிட்டு டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தார். மேல் பஞ்சை எடுத்தார். சேறு. அடுத்ததை எடுத்தார். அதில் நீலமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, காகிதக் கிழிசல் மாதிரி. அவருக்கு அது என்னவென்று தெரிந்தது. பஞ்சைக் கீழே வைத்தார். கண் கலங்கியது. மீனுக்கா, மருமகளுக்கா என்று கேட்டால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

கடைசிப் பஞ்சைத் தூக்கினார். அடியில் கலங்கின தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் என்னவோ சுருக்கென்று ஓடியது.

"ஏய்! இங்க வா! சீக்கிரம் வா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள். ஒன்று, இன்னொன்று, அதோ மூலையில் ஒரு கூட்டம். குஞ்சுகள்! தொட்டியிலிருந்து காணாமல் போன குஞ்சுகள். டப்பா இழுக்கிற பக்கத்தில் இருக்கிறது, மோட்டார் அதற்கு அப்புறம் மூடியில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பஞ்சு. பெரிய மீன்கள் குழாய் வளைவில் அடிபட்டுச் செத்திருக்கின்றன. பொடிசுகள் தண்ணீரோடு தண்ணீராக வழுக்கிக்கொண்டு வந்து, பஞ்சுக்கு அடியில், இருட்டில், அழுக்கைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தன. மனைவி டீ வடிகட்டியைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகக் கோரி எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டார்கள். சிலவற்றின் வாலில் அப்போதே நீலம் ஊறத் தொடங்கியிருந்தது.

"பாவம், அந்தப் பெரிய மீன் மேல பழியைப் போட்டாளே," என்றாள் மனைவி. அப்புறம் கையில் வடிகட்டியோடு யோசித்தாள். "ஏங்க, மீனைப் பத்தி அவ்வளவு தெரிஞ்சவளுக்கு இது தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாளா?"

"என்கிட்ட பழைய கொசுவலை இருந்தா ஒரு துண்டு கொடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா. மறுபடியும் ஒரு துண்டு கேட்டா. நான் ஜன்னலுக்குன்னு நினைச்சேன்."

பம்புக்காரருக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவர் உருவி எடுத்த வலைத்துணிகள் தானாக வந்து சிக்கியவை அல்ல. ஓரம் மடித்து நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. அவரே பல்லால் கடித்து அந்த முடிச்சைப் பிய்த்திருக்கிறார்! பிய்த்துக்கொண்டுபோய் அவளிடமே காட்டிச் சிரித்திருக்கிறார்!

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றார். "நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"உங்ககிட்ட யாரு சொல்ல முடியும்? தெருவுல போறவனையெல்லாம் கூட்டிட்டு வந்து, என் மருமகளுக்கு நான் போட்ட பம்புன்னு மாரைத் தட்டிக்கிட்டிருந்தீங்க. அதைப் போய் அவ எப்படித் தப்புன்னு சொல்லுவா? வந்து எவ்வளவு நாள் ஆச்சு அவ இந்த வீட்டுக்கு? வாயில்லாத ஜீவன் மேல பழியைப் போட்டுட்டு, மனசைக் கல்லாக்கிட்டு மீனைக் கொடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டா."

பம்புக்காரர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கடை ஷட்டரைத் தூக்கியதும் நேராக வேலையில் இறங்கினார். அந்த விஷயத்தில் அவர் அவர்தான். சல்லடையே பிடிக்காத மனுஷருக்குச் சல்லடையைப் பற்றித் தெரியாததா? இழுப்பைக் குறைக்கவேண்டும், தண்ணீரும் குறையக் கூடாது. வழி ஒன்றுதான். ஒரே வாயால் இழுப்பதை நூறு வாயால் இழுக்கவேண்டும். அப்போது ஒவ்வொரு வாய்க்கும் இழுப்பு இருப்பதே தெரியாது. பிளாஸ்டிக் குழாயை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, நுனியை அடைத்து, டிரில் மெஷினில் மெல்லிய பிட்டைப் போட்டு உடம்பெல்லாம் துளை போட்டார். அதன் மேல் மாட்ட, பெரிய கண் வைத்த பஞ்சை உருளையாக வெட்டினார். அந்தப் பெரிய மோட்டாரும் வேண்டாம் என்று தீர்மானித்து, பாதி வேகத்தில் ஓடுகிற சின்னது ஒன்றை எடுத்துக்கொண்டார். வாளித் தண்ணீரில் போட்டு ஓட்டி, ஒரு நூல் இழையைப் பக்கத்தில் கொண்டுபோனார். இழை ஆடியது, ஒட்டவில்லை. மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றிப் பொருத்தினார். ஓடவிடவில்லை. அவள் வரட்டும் என்றார்.

மருமகள் சாயங்காலம் வந்தாள். கையில் மூடி போட்ட ஒரு வாளி. மீன்களைக் கொண்டுபோவதற்காக, கூட வேலை பார்க்கிறவள் கொடுத்தனுப்பியது. செருப்பைக் கழற்றும்போதே காது கொடுத்துக் கேட்டாள்.

"மாமா, ஃபில்டர் ஏன் நின்னிருக்கு?"

பம்புக்காரர் கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தார். அவள் குனிந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் மண்டி போட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"டப்பாவுக்குள்ள. ஏஞ்சல் தின்னு அங்க கொண்டுபோய் வச்சிருக்கும் போல."

அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். பம்புக்காரர் நின்றுகொண்டே கேட்டார்.

"உனக்குத் தெரியும், இல்லையா?"

"ம்."

"வலையைக் கட்டினது நீதான்."

"ம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆசை ஆசையா பண்ணினீங்க மாமா." மூக்கை உறிஞ்சினாள். "எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டினீங்க. தப்புன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல. இப்போ என்ன, குஞ்செல்லாம் கிடைச்சுடுச்சே, விடுங்க. பரவாயில்ல."

"பரவாயில்லையா!" பம்புக்காரர் போட்ட சத்தத்தில் இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள். "என் பம்பைப் பிடுங்கித் தெருவுல எறியாம, உன் மீனை ஊர்வலம் அனுப்பப் பார்த்தியே, அது பரவாயில்லையா? அத்தனை வருஷம் பாடுபட்டு உண்டாக்கினதை எனக்காக வாளியில ஊத்திடுவியா? நான் கேக்கறேன், உங்க அப்பா இந்த வேலையைப் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்கத் தேவையே இல்லை என்று தெரிந்தது.

"வீட்டை ரெண்டாக்கியிருப்பேன்," என்றாள்.

"அப்போ ஆக்கு."

"மாமா?"

"ஆக்குன்னு சொல்றேன். இது யாரு வீடு? நிக்கறேன், ஆரம்பி."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். "என்னை என்ன பார்க்கறே? சந்தர்ப்பத்தை விட்டுடாதே, எனக்கே முப்பது வருஷமா கிடைக்கல," என்றாள் அவள்.

மருமகள் எழுந்து நின்றாள். தயங்கினாள். "நீங்க என்னைக் கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம் மாமா," என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"இதுவா உங்க வீட்டுல சண்டை?"

"என் தொட்டி அது," என்றாள். குரல் சற்று ஏறியது. "என்னைக் கேக்காம எப்படிக் கை வச்சீங்க? சல்லடை எதுக்கு இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? தொட்டிக்குள்ள முதலையா இருக்கு முதலையா இருக்குன்னு ஊரெல்லாம் கேக்கறீங்களே, உள்ள மீன் இருக்கேன்னு தெரியல? கண்ணு எங்க இருந்துச்சு? கண்ணாடி வேணும்னா சொல்லுங்க, நான் வேலை பார்க்கற கடையில போட்டுத் தர்றேன்! வலை கட்டினா பிய்ச்சுடறீங்க! ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை! முடிச்சுப் போட்ட துணி நீந்தி வருமா? அதுக்கு ஒரு ஜோக் வேற!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். செத்துப்போன ஒவ்வொரு மீனையும் அதனதன் அடையாளத்தோடு சொல்லிக் கேட்டாள். ஒற்றைக் கண் மங்கினது, வால் ஓரம் வெள்ளைக் கோடு போட்டது, கல்லுக்கு அடியிலேயே கிடக்கும் சோம்பேறி. கேட்டுக்கொண்டே புதுக் குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தாள். லென்ஸ் பார்க்கிற கண். பஞ்சை ஒதுக்கி நுனிப் பக்கம் விரலை வைத்தாள்.

"இது என்ன? இந்தக் கடைசித் துளை மத்ததை விடப் பெருசா இருக்கு. பஞ்சு கொஞ்சம் நகர்ந்தா இன்னைக்குப் பிறக்கற குஞ்சு உள்ள போயிடும். யாரைக் கேட்டு இப்படி விட்டீங்க?"

"அது பிட்டு கொஞ்சம் வழுக்கிடுச்சும்மா. ஆனா பாரு, நூறு துளை இருக்கறதால இழுப்பு ஒவ்வொண்ணுக்கும்..."

"இருங்க மாமா," என்றாள் மருமகள். "நான் இன்னும் முடிக்கல."

பம்புக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு நேராக நின்றார். அவர் மனைவி உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மருமகளுக்குப் போட்டாள்.